ஹாலிஎலத் தோட்டங்களின் கைத்தொழில்கள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ ஒரு சுகாதாரக் கட்டுரைதான். வைத்தியர் என்றால் அதைத்தான் கேட்பார்கள். அவற்றை எழுத நம் பழைய மாணவியரில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். வேறொன்றை எழுதுகிறேன் என்று சொன்னேன். பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள்.

சென்ற ஆண்டு அம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அவருடைய சம்பளச் சீட்டு ஒன்று கிடைத்தது. 1986ஆம் ஆண்டுச் சீட்டு. மேலே பேர் எத்தனை, கைக்காசு எவ்வளவு என்று இருக்கிறது. கீழே கழிவுகள்: சேமலாப நிதி, அட்வான்ஸ், மா, தொழிற்சங்கச் சந்தா, கோவில். அவற்றுக்கும் கீழே இரண்டு சிறு தொகைகள்: டோபி, பாபர். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலர் இந்தச் சீட்டைப் பார்த்திருப்போம். கொழும்பிலும் கனடாவிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வரிகள் புரியாது. துணி வெளுப்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் தோட்டத்துக் கந்தோர் ஏன் சம்பளத்தில் பணம் பிடிக்க வேண்டும்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

நம்மவர்கள் முதலில் வந்தது கோப்பிக்காக. கோப்பி அறுவடை பருவத்துக்குரியது. பழம் பறிக்கும் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணியோடு வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்படி வந்து போகிறவர்களுக்கு நாவிதரும் வண்ணாரும் ஊரிலேயே இருந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து விடும் செடி. அதைப் பறிக்கப் பெண்களின் கை வேண்டியிருந்தது. ஆகவே குடும்பங்களாக வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். தங்கிய இடத்தில் பிள்ளை பிறக்கும், பெண் சமைவாள், கலியாணம் நடக்கும், சாவு விழும். இவை ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு தொழிலாளி உண்டு. அவர்களும் கங்காணியின் ஆட்களோடு ஆட்களாகப் பெயர் பதிந்து வந்து சேர்ந்தார்கள்.

ஊரில் அவர்களுக்குக் கூலி களத்துமேட்டில் கிடைத்தது. அறுவடையானதும் ஒவ்வொரு விவசாயியும் நெல் அளந்து கொடுப்பார். தோட்டத்தில் களமும் இல்லை, நெல்லும் இல்லை. அளந்து கொடுப்பதற்கு இருந்ததெல்லாம் சம்பளம் ஒன்றுதான். அந்தக் களத்து நெல்தான் காசாக மாறி அம்மாவின் சம்பளச் சீட்டில் கழிவாக வந்து நின்றது. பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் முறை வேறு. கண்டி அரசர் காலத்தில் கொல்லர், குயவர், வண்ணார் ஒவ்வொருவருக்கும் செய்யும் சேவைக்கு ஈடாக நிலம் இருந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். இராசகாரியம் ஒழிந்த பின்னும் பல குடும்பங்களிடம் ஒரு துண்டு வயலாவது மிஞ்சியது. நம் தோட்டத்துத் தொழிலாளிக்கு லயத்தில் ஒரு காம்பரா மட்டும்தான் இருந்தது. அதுவும் பேர் இருக்கும் வரைதான்.

கூடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். இன்று கொழுந்துப் பெண்களின் முதுகில் தொங்குவது நைலோன் பை, அல்லது உரப்பையைப் பிரித்துத் தைத்த சாக்கு. ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கான படங்களில் மட்டும் இன்னும் மூங்கில் கூடைதான். நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் கூடை கட்டும் தாத்தா ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'கூடைத் தாத்தா'தான். அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

மூங்கிலை அவர் அமாவாசையை ஒட்டி வெட்டுவார். பௌர்ணமியில் வெட்டினால் வண்டு துளைக்கும் என்பார். வெட்டியதைச் சில நாள் ஓடைத் தண்ணீரில் ஊறப்போடுவார். ஊறலில் மூங்கிலிலுள்ள மாவும் சர்க்கரையும் கரைந்து போவதால் வண்டு குறைகிறது என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். நிலாவுக்கு என்ன விளக்கம் என்று தேடிப் பார்த்தேன், திருப்தியாக ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கத்தியால் பிளந்து, பட்டை எடுத்து, தொடையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அதன் மேல் வைத்துச் சீவுவார். அடியில் கனமான பட்டைகளை நட்சத்திரம் போல் குறுக்கே வைத்துப் பின்னி, நுனிகளை மேலே மடக்கி நிறுத்துவார். நிற்கும் குச்சிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையானால் ஒரே பட்டையை உள்ளும் வெளியுமாகச் சுற்றிக்கொண்டு போக முடியாது, இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் தடத்திலேயே விழுந்துவிடும். தரம் எட்டில் ஒற்றை எண், இரட்டை எண் என்று ஆசிரியை விளக்கும்போது நான் மனதுக்குள் கூடைத் தாத்தாவின் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாயைப் பிரம்பால் கட்டி முடித்தால் ஒரு கூடை. கயிற்றை உச்சந்தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும்போது அடிப்பாகம் இடுப்பில் உறுத்தாதபடி ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும். ஆளின் உயரம் பார்த்துத்தான் கட்டுவார். அம்மா குள்ளம். அம்மாவின் கூடையை இரவல் வாங்கிய சித்தி ஒரே நாளில் முதுகு வலியென்று திருப்பிக் கொடுத்தது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று எடை கழிப்பார்கள். கூடை நனைந்தால் இன்னும் கொஞ்சம். கழிப்பது எவ்வளவு, கூடையின் நிறை உண்மையில் எவ்வளவு என்பது ஒவ்வொரு நாளும் தராசடியில் எழும் வழக்கு. ஆகவே பாரமில்லாத கூடை கட்டுகிறவருக்குப் பெண்களிடம் தனி மதிப்பு. முதுகும் கழுத்தும் நோகிறதென்று கிளினிக்குக்கு வரும் அம்மாமாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டையான பக்கம் நினைவு வருகிறது. நைலோன் பை கூடையைவிட இலேசானது, விலையும் மலிவு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதில் அளவு பார்த்துக் கட்டும் வேலை மட்டும் இல்லை.

கொல்லருக்கு வருவோம். கவ்வாத்துக் கத்தியும், முள்ளும், அலவாங்கும் பெரும்பாலும் கம்பனி மூலமாக வந்தவை. தீட்டவும், பிடி போடவும், உடைந்ததை ஒட்டவும் பட்டறை வேண்டும். எங்கள் பகுதியில் அதற்குக் கிராமத்துச் சிங்களக் கொல்லரிடம்தான் போவார்கள். பட்டறையை நாம் கம்மாலை என்போம், அவர்கள் கம்மல என்பார்கள். இந்தப் பக்கத்து இரும்பு வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றைத் துருத்தியாகக் கொண்டு எரிந்த பழைய இரும்பு உலைகளை அகழ்ந்து, அவற்றின் வேலைமுறையைச் செய்தும் காட்டி, கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உலைகள் அவை. மலைச்சரிவில் காற்று எப்படி ஏறும் என்று தெரிந்தவர்கள் கட்டியவை.

வீதியில் இன்னொரு தொழிலும் இருந்தது. றெயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல்தான் பதுளைக்கும் வந்தது. இடையிலிருந்த முப்பது ஆண்டுகள் ஹாலிஎல வழியாக ஓடியது மாட்டு வண்டி. வண்டிக்காரர், மாட்டுக்கு லாடம் அடிப்பவர், சில்லுக்குப் பட்டா போடுபவர் என்று தெருவோரப் பிழைப்புகள் பல இருந்தன. தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் எழுந்து, சுரங்கமும் சுற்றுப்பாதையும் முடிந்து, ஹாலிஎலத் தரிப்பிடத்தில் புகைவண்டி நின்ற பிறகு அவர்களுக்கு வேலை குறைந்தது. ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடித்த தச்சர்கள் இன்னும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள், ஓரங்களில் தகரப்பட்டி. தச்சரை 'பாஸ்' என்று கூப்பிடுவோம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. பெட்டியின் இடத்தைக் காகித மூட்டை பிடித்துக்கொண்ட பின், நம் வீடுகளில் புத்தகம் வைக்கவும் அரிசி வைக்கவும் அந்தப் பழைய பெட்டிகள் கிடைத்தன. என் உயர்தரப் பாடக் குறிப்புகள் முழுவதும் அப்படியொரு பெட்டியில்தான் கிடந்தன. திறந்தால் தேயிலை மணக்கும்.

டோபி துணி வெளுத்ததோடு நின்றவரல்ல. பெண் சமைந்தால் மாற்றுத் துணி கொண்டுவருவார், சாமி வரும் வழியில் நிலபாவாடை விரிப்பார், சாவு வீட்டில் பந்தம் பிடிப்பார். நாவிதருக்கும் அப்படித்தான். கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம், சாவில் சங்கு, பதினாறில் மொட்டை. தப்படிப்பவர்கள் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் எழுப்பினார்கள், மாசியில் காமன் கூத்துக்கும் அடித்தார்கள். இவர்கள் இல்லாமல் எந்தச் சடங்கும் நடக்காது. ஆனால் சடங்கு முடிந்து பந்தி விரிக்கும்போது இவர்களுக்கு இடம் வேறு. இந்தத் தொழில்களின் பெருமையை மட்டும் எழுதிவிட்டுப் போனால், அந்தப் பந்தியில் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

நான் அந்தத் தள்ளி உட்கார்ந்த வீட்டுப் பிள்ளை. தாத்தா தோட்டத்து நாவிதர். அப்பாயி மருத்துவச்சி. நாவிதர் வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பது ஊரிலிருந்து வந்த வழக்கம். அப்பா தோட்டத்தை விட்டு இறங்கி, ஹாலிஎலக் கடைவீதியில் ஒரு சிறிய சலூன் வைத்தார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சுவரில் விலைப்பட்டியல். அந்தப் பட்டியல்தான் அவருக்கு முக்கியம். தாத்தாவுக்கு யாரும் விலை கேட்டுக் கொடுத்ததில்லை. 1983 ஜூலையில் பதுளைக் கடைகள் எரிந்த கிழமை, பக்கத்துக் கடைச் சிங்களவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார். அப்பா வேறு எதையும்விட அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

பாடசாலையில் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் வகுப்புத் தோழிகள் இதைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை சிலருக்கு அப்போதே தெரிந்திருக்கும், தெரியாததுபோல் இருந்திருப்பார்கள். அப்படியானால் அவர்களுக்கு என் நன்றி.

அப்பாயி பிள்ளைப்பேறு பார்த்த விதத்தை ஒரு வைத்தியராக எழுதுகிறேன். அவர் தாயைப் படுக்க வைக்க மாட்டார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கச் சொல்வார், பின்னால் ஒரு பெண் தாங்கிக்கொள்வாள். இன்று பிரசவ அறையில் தாய் தனக்கு வசதியான நிலையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று நாங்கள் வழிகாட்டல்களில் படிக்கிறோம். வலி விட்டு வரும் இடைவெளியில் இடுப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவார். அவசரப்படுத்த மாட்டார். அவரோடு போன பெண்கள் எல்லோரும் சொல்வது, அப்பாயி சத்தம் போட்டதே இல்லை என்பதுதான். நான் பயிற்சி பெற்ற காலத்துப் பிரசவ அறைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்டு. தொப்புள் கொடியை மூங்கில் சிராயால் அறுத்து, அதில் சாம்பல் வைத்த காலம் ஒன்று இருந்தது. ஏழெட்டு நாளில் வாய் கட்டி, உடம்பு விறைத்து இறந்த குழந்தைகளுக்குக் காற்று சேட்டை என்று பெயர் சொன்னார்கள். அது ஏற்புவலி நோய். பேறு முடிந்த தாய்க்குத் தண்ணீர் குறைத்துக் கொடுத்ததும் பிழை. இரத்தப்போக்கு நிற்காத தாயை டோலியில் தூக்கிக்கொண்டு மலை இறங்கி வருவதற்குள் முடிந்த கதைகளை அப்பாயியே சொல்லியிருக்கிறார். கொழும்பில் டி சொய்சா பிரசவ வைத்தியசாலை 1879இல் தொடங்கிவிட்டது. தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கென்று 1872இலும் 1912இலும் சட்டங்கள் வந்தன, 1939இல் பேறுகாலச் சகாயச் சட்டமும் வந்தது. ஆனாலும் நள்ளிரவில் லயத்துக் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர் மருத்துவச்சிதான். தோட்டத்தில் படித்த மிட்வைப் ஒருவர் வந்த பிறகு, அவரிடம் அப்பாயி இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டார்: புது பிளேடைக் கொதிநீரில் போடுவது, கொடியில் எதையும் வைக்காமல் விடுவது. அறுபது வயதில் கற்றுக்கொண்டார். 1978இல் விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதும், கர்ப்பிணிகளை ஊசிக்கு விரட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அவருக்குக் கூலி ஒரு சேலை, வெற்றிலை பாக்கு, அரிசி, கொஞ்சம் காசு. ஆண் பிள்ளை என்றால் கூட, பெண் பிள்ளை என்றால் குறைவு. "உழைப்பு ஒன்றுதானே அப்பாயி?" என்று கேட்டேன். "பொம்பளப் புள்ளக்கித்தான் ஆயி ரொம்ப நேரம் காத்திருக்கணும்" என்றார். அது மருத்துவப்படி சரியில்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது வேறு என்று இப்போது நினைக்கிறேன்.

உள்ளகப் பயிற்சி வைத்தியராக நான் முதன்முதலில் வேலை பார்த்த பிரசவ வார்டில், எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் மகளுக்குத் துணையாக வந்திருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, தாதியர்களும் மற்ற வைத்தியர்களும் நிற்கையில், "நீ நம்ம மருத்துவச்சி பேத்தி தானே ஆயி?" என்று சத்தமாகக் கேட்டார். மகிழ்ச்சியோடுதான் கேட்டார். நான், "இல்லை அம்மா, வேறு யாரையோ நினைக்கிறீங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை அவர் கையில் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பாயி அடுத்த ஆண்டு இறந்தார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கைத்தொழில்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் பதில் பல. பிரஜாவுரிமைப் பிரச்சினையும் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தாளில் எழுதினார்கள். 1973–74இன் பஞ்சமும் பலரைக் கப்பலேற்றியது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் ஆட்கள் போனார்கள். இங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் தகப்பன் தொழிலை விட்டார்கள். விட்டது நல்லதுதான். பந்தியில் தள்ளி உட்காரச் சொன்ன தொழிலை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்? ஆனால் மூங்கில் எப்போது வெட்டுவது, கூடையில் எந்தப் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், காயத்துக்கு எத்தனை சரக்கு என்ற அறிவும் அந்தச் சாதிப் பெயரோடு கட்டப்பட்டிருந்ததால், ஒன்றை உதறியபோது மற்றதும் விழுந்துவிட்டது.

மேற்படிப்புக்காக ஓராண்டு டப்ளினில் இருந்தபோது ஒரு விஷயம் அறிந்தேன். 1937, 1938ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு, சுமார் 5,000 ஆரம்பப் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. வீட்டிலும் ஊரிலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதி வர வேண்டும். ஏறக்குறைய 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பழைய கைத்தொழில்கள் என்பதும் ஊர்க் கொல்லுப்பட்டறை என்பதும் கொடுக்கப்பட்ட தலைப்புகளில் அடக்கம். கூடை பின்னுவது, மெழுகுதிரி வார்ப்பது, நூல் நூற்பது, சாயம் போடுவது எல்லாம் பிள்ளைக் கையெழுத்தில் இருக்கின்றன. இன்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். நான் ஒரு மாலை முழுவதும் படித்தேன். பிள்ளை எழுதியதால், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதவில்லை. தாத்தா இப்படிச் சொன்னார், அவ்வளவுதான்.

நம் பழைய மாணவியர் சங்கத்திடம் நான் வைத்திருக்கும் வேண்டுகோள் இதுவே. இந்த ஆண்டு தரம் ஒன்பது, பத்து மாணவியருக்கு ஆளுக்கொரு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுப்போம். அதற்கான செலவை நான் ஏற்கிறேன். உனுகல, ரொக்கத்தென்னை, தெமோதரை, ஸ்பிரிங்வெளி என்று எந்தத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையானாலும் தன் வீட்டு முதியவரிடம் கேட்டு எழுதட்டும். யார் என்ன தொழில் செய்தார் என்று எழுதும்போது பிள்ளைகள் கூசாமல் எழுத வேண்டுமானால், முதலில் பெரியவர்கள் நாம் எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால்தான் மேலே உள்ளவற்றை எழுதினேன்.

என் கொப்பியை நான் தொடங்கிவிட்டேன். முதல் பக்கம் அப்பாயியின் காயம்: சுக்கு, மிளகு, ஓமம், பெருங்காயம், கருப்பட்டி, நல்லெண்ணெய். அளவு கைக்கணக்கு. பேறு முடிந்த மூன்றாம் நாளிலிருந்து நெல்லிக்காய் அளவு உருண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சித்தியும் இணைந்துகொள்வார். திப்பிலி சேர்ப்பதா இல்லையா என்பதில் இருவரும் இன்னும் ஒத்துவரவில்லை. அதற்கு ஒரு வரி வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.